சேசிஸில் கை வைக்காமல் ஒரு புல்லட்

பட்டறைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வண்டியைக் காட்டுவதற்கு முன்னால் போனை நீட்டுவார்கள். அதில் ஒரு படம் இருக்கும். பின் மட்கார்டை வெட்டி, ஹேண்டில் பாரைத் தாழ்த்தி, சைலன்சரைக் குட்டையாக்கிய ஏதோ ஒரு வண்டி, ஏதோ ஒரு நாட்டில் பளபளவென்று நிற்கும். "இதே மாதிரி வேணும் ணா" என்பார்கள். "எந்த ரோட்டுல ஓட்டப் போற?" என்று கேட்பேன். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் தினமும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே போய் வருகிறவனுக்கு அந்தத் தாழ்ந்த ஹேண்டில் பார் எதற்கு? மணிக்கட்டில்தான் மொத்த உடம்பும் உட்காரும். சிக்னலில் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பதற்குள் லாரி பக்கத்தில் வந்துவிடும். கேட்டால் முகம் வாடிப்போகிறது. சிலர் வேறு பட்டறைக்குப் போய்விடுகிறார்கள். போகட்டும்.

நான் சொல்ல வருவது, போனில் எந்தப் படமும் இல்லாமல் வந்த ஒரு பெண்ணின் வண்டியைப் பற்றி. காசிமேட்டுப் பெண், ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. கூட அவர் அப்பாவும் வந்திருந்தார். குட்டியானை வண்டியில் ஏற்றி வந்திருந்த பழைய புல்லட் 350-ஐ இறக்கிவிட்டு, "எங்க தாத்தா வண்டிண்ணா. நைனாவுக்கு ஓட்ட இஷ்டம் இல்ல. எனக்கு ஓட்டணும். ஆனா கால் எட்டல" என்றார். ஐந்தடிக்குக் கொஞ்சம் கம்மியான உயரம். வண்டியோ 160 கிலோவுக்கு மேல். உலகத்தில் ஒன்றே ஒன்று என்று சொல்லும்படியான வண்டியைக் கட்ட இதைவிட நல்ல காரணம் எனக்குக் கிடைத்ததில்லை. பார்க்க வித்தியாசமாக இருக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு ஆளுக்குப் பொருந்தினால் போதும்.

எங்கள் பட்டறை தண்டையார்பேட்டையில். இந்தப் பக்கம் புல்லட் என்றால் வெளியூர்ச் சரக்கு இல்லை. மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரிலிருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் சேர்ந்து 1955-இல் என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பித்தது திருவொற்றியூரில்தான். முதலில் பாகங்கள் கப்பலில் வந்தன, இங்கே கோத்தார்கள். 1962 வாக்கில் எல்லாமே இங்கே தயாரானது. ரெட்டிச் தொழிற்சாலை மூடிய பிறகும் நம் ஊர்த் தொழிற்சாலை ஓடியது. அதனால் திருவொற்றியூர், காலடிப்பேட்டை, எர்ணாவூர்ப் பக்கம் "நான் அசெம்பிளி லைன்ல இருந்தவன்" என்று சொல்லும் பெரியவர் யாராவது டீக்கடையில் கிடைப்பார். பழைய புல்லட்டில் சந்தேகம் வந்தால் வீடியோவில் தேடுவதைவிட அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுப்பது சீக்கிரம் வேலையை முடிக்கும்.

முதல் வேலை ஸ்பேனர் இல்லை, ஆர்சி புக். வண்டி தாத்தா பேரில் இருந்தது, அவர் காலமாகிவிட்டார். சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருஷம். அதன் பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வண்டியை நேரில் கொண்டுபோய்க் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். இந்த வண்டி அதைத் தாண்டிப் பல காலம். "இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மத்த வாரிசுங்க சம்மதம், எல்லாத்தையும் ரெடி பண்ணிட்டு வாங்க, அதுவரைக்கும் ஒரு நட்டுகூடக் கழட்ட மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. காசை முழுங்கிய பிறகு ரோட்டில் இறக்க முடியாத வண்டிகள் எத்தனையோ வீட்டு மாடிப்படிக்குக் கீழே கிடக்கின்றன. பேப்பர் இல்லாத வண்டியை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி அதில் கலைநயம் காட்டுவது வீண்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், இதைப் பட்டறைக்காரர்கள் வாடிக்கையாளரிடம் சொல்வதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி, கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது. கேரள வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே வருஷம் வந்த திருத்தத்தில், மாற்றிய உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்று சேர்த்தார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் என்பதைக் கவனியுங்கள். படத்தில் பார்க்கிற வண்டியில் எண்ணினால் ஏழெட்டு தேறும்.

அதனால் என் பட்டறையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். வண்டியின் எலும்புக்கூடான சேசிஸை அறுப்பதில்லை, அதில் புதிதாக வெல்டிங் வைப்பதில்லை, இன்ஜினை மாற்றுவதில்லை. செய்கிற எதுவும் நட்டு போல்ட்டில் கழன்று பழையபடி ஆக வேண்டும். கழற்றிய பழைய பாகங்களைச் சாக்கில் கட்டி வண்டிக்காரர் கையில் கொடுத்துவிடுவேன். இந்த வேலைக்கும், என்னென்ன மாற்றப் போகிறோம் என்று ஒரு தாளில் எழுதி, ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்டிக் கேட்டுக்கொண்டோம். வேலை முடிந்த பிறகு கேட்பதைவிட அது மரியாதையும்கூட.

அடுத்தது அளவு. உயரம் என்றதும் எல்லோரும் ஷாக் அப்சர்பரைத்தான் பார்க்கிறார்கள். நான் முதலில் சீட்டைப் பார்ப்பேன். கால் எட்டாததற்குப் பாதிக் காரணம் சீட்டின் உயரம் இல்லை, முன்பக்க அகலம். தொடை இரண்டும் அகன்றுவிட்டால் கால் நேராகத் தரைக்கு இறங்காது. வண்டியைச் சென்டர் ஸ்டாண்டிலிருந்து இறக்கி இரண்டு பையன்களைப் பிடிக்கச் சொல்லி, சீட் இல்லாமல் வெறும் பிளைவுட் பலகையை வைத்து அந்தப் பெண்ணை உட்காரச் சொன்னேன். பலகையின் முன்முனையைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து ஒடுக்கிக்கொண்டே வந்தோம். முன்னால் ஒடுங்க ஒடுங்க, உயரம் அப்படியே இருந்தும் பாதத்தின் முன்பகுதி தரையில் பதிந்தது. அவரே குனிந்து பார்த்து, "ஐய, அவ்ளோதானா?" என்றார்.

அந்தப் பலகையின் வடிவத்திலேயே சீட்டின் அடித்தகடான டின்னை வளைத்தோம். மேலே கெட்டியான ரீபாண்டட் ஃபோம், அதன்மேல் மெல்லிசாக மெத்தை ஃபோம். முழுக்க மெத்தையாகப் போட்டால் கடையில் உட்கார சுகமாக இருக்கும். ஒரு மணி நேரம் ஓட்டினால் டின் தட்டும். இரண்டு பேர் உட்காரும் நீளம் அப்படியே இருக்கட்டும் என்றேன், ஏனென்றால் பதிவில் இரண்டு சீட். சிங்கிள் சீட் போட்டால் அழகுதான், ஆனால் அம்மாவை எங்கே உட்கார வைப்பது?

சீட்டில் ஒன்றரை இன்ச் கிடைத்தது. மீதிக்குப் பின் ஷாக்கை ஒரு இன்ச் குட்டையாகப் போட்டோம். ஒரு இன்ச்தான், அதற்கு மேல் போகவில்லை. பின்பக்கம் இறங்க இறங்க ஹேண்டில் மந்தமாகும், வளைவில் அடிப்பக்கம் உரசும். முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கை ஏற்றிச் சமன் செய்யலாமே என்று கேட்பார்கள். புது வண்டிகளில் ஃபோர்க் குழாயைக் கிளாம்பில் தளர்த்தி மேலே தள்ள முடியும். பழைய புல்லட்டில் குழாய் போய் ஹெட்லைட் கூட்டிலேயே மரையில் ஏறி உட்காருகிறது, தள்ள இடமில்லை. அதனால் முன்பக்கத்தைத் தொடவில்லை.

ஷாக்கைக் குறைத்தால் மூன்று வேலை சேர்ந்தே வரும். ஷாக்கைப் பிரித்து, ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு வெறும் ஷாக்கை மாட்டி, பின்பக்கத்தை முழுக்க அமுக்கிப் பார்க்க வேண்டும். டயர் மட்கார்டில் தொடுகிறதா, செயின் எங்காவது உரசுகிறதா என்று அப்போதுதான் தெரியும். ஸ்பிரிங்கோடு ஆட்டிப் பார்ப்பது பரிசோதனை ஆகாது. இரண்டாவது, சைடு ஸ்டாண்ட். வண்டி தாழ்ந்தால் ஸ்டாண்ட் நீளமாகிவிடுகிறது. வண்டி நட்டுக்குத்தலாக நிற்கும், காற்றடித்தால் எதிர்ப்பக்கம் சாயும். அதை அறுத்துக் குறைத்து, அடியில் அகலமான தகடு வைத்தோம், காசிமேட்டு மணலில் புதையாமல் இருக்க. மூன்றாவது, சென்டர் ஸ்டாண்ட். அதையும் குறைக்காவிட்டால் ஏற்றவே முடியாது. குறைத்த பிறகு அந்தப் பெண் தனியாக ஏற்றினார். காலால் ஸ்டாண்டில் முழு எடையையும் வைத்து நின்றால் வண்டி தானாக ஏறும். கையால் இழுக்கிறவர்களுக்குத்தான் இடுப்பு பிடித்துக்கொள்கிறது.

கையையும் அளக்க வேண்டும். சின்னக் கைக்குப் பழைய கிளட்ச் லிவர் எட்டாது, எட்டினாலும் இரும்பாக இருக்கும். நாங்கள் புது கேபிள் போட்டு, டேங்குக்கு அடியில் வளைவு குறைவாக வரும் வழியில் கொண்டுபோனோம். கிளட்ச் ஸ்பிரிங் திருகுகள் மூன்றையும் யாரோ தாறுமாறாக இறுக்கி வைத்திருந்தார்கள். அதைச் சமமாகத் தளர்த்தியதிலேயே பாதி எடை போய்விட்டது.

இன்ஜினில் புதுமை எதுவும் செய்யவில்லை. சிலிண்டரின் அகலமான போர் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக் 90, மொத்தம் 346 சிசி. அந்த நீள ஸ்ட்ரோக்கில்தான் அதன் குணமே இருக்கிறது. லேத்தில் சிலிண்டரைக் கடைந்து ரீபோர் செய்து அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன், புது வால்வு கைடு, ஆயில் பம்ப் சுத்தம், அவ்வளவுதான். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள். வருஷக்கணக்கில் நின்ற பழைய புல்லட்டை எடுத்ததும் கிக் அடிக்காதீர்கள். ஆயில் டேங்கிலிருந்து ஆயில் கசிந்து இன்ஜினின் அடிப்பெட்டியான கிராங்க் கேஸில் நிரம்பியிருக்கும். முதலில் கீழே உள்ள வடிகால் போல்ட்டைக் கழற்றி வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்ற வேண்டும். இந்த வண்டியிலிருந்து வடிந்தது தார் மாதிரி இருந்தது.

கிக்கர்தான் அந்த வீட்டில் பெரிய பேச்சு. "பொம்பளப் புள்ள எப்படி ஒதைக்கும்?" என்று அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். செல்ஃப் மோட்டார் வைக்க வேண்டும் என்பது அவர் யோசனை. நான் வேண்டாம் என்றேன். புல்லட்டை உதைப்பதற்குப் பலம் வேண்டியதில்லை. சாவி போட்டுவிட்டுக் கிக்கரைக் காலால் மெதுவாக அழுத்திக்கொண்டே கரண்டைக் காட்டும் அம்மீட்டர் முள்ளைப் பார்க்க வேண்டும். பாயிண்ட், அதாவது பிளக்கில் தீப்பொறி வரவைக்கும் சுவிட்ச், மூடியிருக்கும்போது முள் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். பிஸ்டன் கம்ப்ரஷனில் உச்சிக்கு வரும்போது பாயிண்ட் திறக்கும், முள் நடுவுக்கு வரும், காலுக்கும் கெட்டியாகத் தெரியும். அங்கே நிறுத்தி, சிலிண்டரில் இறுகிய காற்றை வெளியே விடும் டீகம்ப்ரஷன் லிவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை ஒரு துளி மட்டும் கீழே தள்ள வேண்டும். லிவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, பிறகு ஒரே மூச்சில் கடைசிவரை இறக்க வேண்டும். பாதியில் காலை எடுக்கக் கூடாது, ஆக்சிலரேட்டரைத் திருகக் கூடாது.

அந்தப் பெண் முதலில் முள்ளைப் பார்க்காமல் அவசரப்பட்டார். அப்புறம், நாடி பார்க்கிற பழக்கமோ என்னவோ, காலை அழுத்தியபடி முள்ளையே உற்றுப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார். முள் நடுவுக்கு வந்தது. லிவர், ஒரு துளி, விட்டார், இறக்கினார். டுப் டுப் என்று பிடித்துக்கொண்டது. தெருவில் நின்ற பையன்கள் விசில் அடித்தார்கள். அப்பா மட்டும், "பேட்டரி புதுசு, அதான்" என்றார்.

கிக்கர் திருப்பி அடிக்கிறது என்று பலர் பயப்படுகிறார்கள். அது வண்டியின் குணம் இல்லை. தீப்பொறி வரும் நேரம், அதாவது டைமிங், முந்தி அட்வான்ஸாக இருந்தால் அடிக்கும். அந்த நேரத்தை வேகத்துக்கேற்ப மாற்றும், பாயிண்டுக்குப் பின்னால் உள்ள ஆட்டோ அட்வான்ஸ் ஸ்பிரிங் தளர்ந்து எடை ஒட்டிக்கொண்டிருந்தாலும் அடிக்கும். பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் கேஜ் வைத்துப் பாருங்கள், பிளேடு வைத்துக் குத்துமதிப்பாக வைக்கிறவர்களிடம் கணுக்காலை ஒப்படைக்காதீர்கள்.

இன்னொரு விஷயம் எனக்கே சுவாரசியமாக இருந்தது. பழைய புல்லட்டில் கியர் வலக்கால், பிரேக் இடக்கால். புது பைக் ஓட்டிப் பழகியவர்கள் அவசரத்தில் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிப்பார்கள். இந்தப் பெண் ஸ்கூட்டர் மட்டுமே ஓட்டியவர், மறக்க வேண்டிய பழக்கம் எதுவும் காலில் இல்லை. மூலக்கொத்தளம் பக்கம் காலி மைதானத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுற்றவிட்டோம், பிடித்துக்கொண்டார். பிரேக்கை மட்டும் நான் நம்பவில்லை. பிற்காலப் புல்லட்டில் வந்த, இரண்டு கேம் உள்ள 7 இன்ச் முன் டிரம்மைப் புதுப்பேட்டையில் தேடி எடுத்து, புது லைனிங் ஒட்டி மாட்டினோம். அதுவும் கம்பெனி பாகம்தான்.

இனி உப்புக் காற்று. வடசென்னையில் வண்டி கட்டுகிறவன் முதலில் பயப்பட வேண்டியது இதற்குத்தான். மெல்லிசாகப் பூசிய குரோம், கடலுக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் வீட்டில் ஒரு மழைக்காலம் தாண்டாது. ஸ்போக் நிப்பிளில் ஆரம்பித்து ரிம்முக்குப் பரவும். அதனால் குரோமைக் குறைத்துக்கொண்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்போக், ஸ்டெயின்லெஸ் நட்டு போல்ட் போட்டோம். ஆனால் எல்லா இடத்திலும் போடக் கூடாது. கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்டெயின்லெஸ் போல்ட், 8.8 கிரேடு ஹை டென்சில் போல்ட் அளவுக்குத் தாங்காது. அச்சு, பிரேக் பிளேட் பிடிப்பு, ஷாக் போல்ட் இங்கெல்லாம் ஹை டென்சில்தான். அலுமினியத்தில் ஸ்டெயின்லெஸ் ஏற்றும் இடத்தில் கிரீஸ் தடவாமல் விட்டால், உப்புக் காற்றில் இரண்டும் கடித்துக்கொண்டு அப்புறம் கழற்றவே வராது.

மரை இன்னொரு தலைவலி. பழைய புல்லட்டில் இங்கிலீஷ் மரைகள், சைக்கிள் மரை வரைக்கும் இருக்கும். பார்க்க ஒன்றுபோல இருக்கிற மெட்ரிக் போல்ட்டை ஸ்பேனர் போட்டு ஏற்றினால் இரண்டு சுற்றுப் போகும், மூன்றாவதில் மரை தின்றுவிடும். பழைய போல்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஜார்ஜ் டவுன் செம்புதாஸ் தெருவுக்குப் போங்கள், அங்கே கடைக்காரர் நட்டை ஏற்றிப் பார்த்தே சொல்லிவிடுவார்.

வயரிங்கை முழுக்கப் புதிதாகக் கட்டினோம். பழைய வயரின் உறையைச் சீவிப் பார்த்தால் உள்ளே காப்பர் பச்சையாகிப் பொடிந்திருந்தது. இதற்கு ஆள் எங்கள் பட்டறையில் இல்லை. காசிமேட்டில் விசைப்படகுக்கு வயரிங் செய்கிறவரைக் கூட்டி வந்தேன். உப்பில் இருபது வருஷம் கை நனைத்தவர். வெள்ளீயம் பூசிய காப்பர் வயர், ஒவ்வொரு முனையிலும் நன்றாக அமுக்கிய டெர்மினல், அதன்மேல் சூடு காட்டினால் சுருங்கும் குழாய், கனெக்டருக்குள் வாசலின். நான் சால்டர் வைக்கச் சொன்னேன், மாட்டேன் என்றார். "வண்டி ஆடும் வாத்தியாரே. சால்டர் வெச்ச எடத்துல வயர் வெறச்சுக்கும், அதுக்குப் பக்கத்துலயே ஒடியும்." அவர் சொன்னதுதான் சரி. புல்லட் மாதிரி அதிர்கிற வண்டிக்கு அமுக்குவதே மேல்.

பவுடர் கோட்டிங்குக்கு அனுப்பும் முன் செய்ய வேண்டியதைச் சொல்லாவிட்டால் இவ்வளவு எழுதியும் பயனில்லை. சேசிஸ் நம்பர் இருக்கும் இடத்தைச் சூடு தாங்கும் டேப்பால் மூடுங்கள், பழைய பெயிண்டை எடுக்க மணல் அடிக்கிற ஆளிடம் நேரில் காட்டிச் சொல்லுங்கள். பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது அந்த நம்பரைத்தான் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுப்பார்கள். அது மழுங்கிப்போனால் திருட்டு வண்டியோ என்ற சந்தேகம் வரும், அதற்கப்புறம் உங்கள் பாடு. எங்களிடம் வந்த வேறொரு வண்டியில் ஒரு கடையில் அதன்மேல் கனமாகக் கோட்டிங் ஏற்றிவிட்டிருந்தார்கள், கத்தி முனையால் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது. மரைகளையும் பேரிங் உட்காரும் இடங்களையும் இதேபோல மூட வேண்டும்.

நிறம் ஆர்சியில் உள்ள அதே கறுப்பு. சைலன்சரும் கம்பெனி மாதிரியே. 175 சிசிக்கு மேற்பட்ட வண்டி தயாராகி வெளியே வரும்போதே 80 டெசிபல்தான் வரம்பு. சைலன்சரைப் பிடுங்கிவிட்டு இரவு டியூட்டி முடிந்து காலை நாலு மணிக்குத் தெருவுக்குள் நுழைந்தால் முதல் கல் எதிர்வீட்டிலிருந்து வரும்.

டேங்கின் தங்கக் கோட்டுக்கு மட்டும் காசு பார்க்கவில்லை. திருவொற்றியூர் தொழிற்சாலையில் அந்தக் கோட்டைக் கையால் இழுப்பதுதான் வழக்கம். அதே வேலை தெரிந்த ஒரு பெரியவரைப் பிடித்தோம். ஸ்டென்சில் இல்லை, டேப் இல்லை. நீள முடி பிரஷ்ஷைப் பெயிண்டில் தோய்த்து, பழைய டெலிபோன் டைரக்டரி அட்டையில் இரண்டு தடவை இழுத்துக் கனம் பார்த்துக்கொண்டார். சுண்டு விரலை டேங்கின் விளிம்பில் ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கையை அசைக்காமல் உடம்பையே நகர்த்தினார். டேங்கின் முன்முனையில் ஆரம்பித்த கோடு, முழங்கால் படும் குழியைச் சுற்றி வந்து, ஆரம்பித்த இடத்திலேயே சேர்ந்தது. சேர்ந்த இடம் எது என்று எனக்குத் தெரியவில்லை. இடப்பக்கக் கோடு வலப்பக்கத்தைவிட ஒரு மயிரிழை தடிமன். அதுதான் கைவேலை, திருத்தச் சொல்லவில்லை.

பதிவைப் புதுப்பிக்கப் போன இடத்தில் நம்பர் பார்த்தார்கள், லைட், ஹாரன், பிரேக் பார்த்தார்கள். சீட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, "யார் தைச்சது?" என்றார் பிரேக் இன்ஸ்பெக்டர். அவ்வளவுதான். முதல் 500 கிலோமீட்டருக்கு ஐம்பதைத் தாண்டக் கூடாது, அதன்பின் ஆயிலை மாற்றி ஹெட் போல்ட்டை இறுக்க வேண்டும், மழை நாளில் வந்தால் செயினைத் துடைத்து ஆயில் விட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் சுற்றிப் போகவும் என்பதையும் சேர்த்தேன்.

ஓட்ட ஆரம்பித்த பிறகு ஒருநாள் அம்மாவைப் பின்னால் உட்கார வைத்து வந்தார். அம்மா இறங்கியதும் இறங்காததுமாக, "சேலை மாட்டாம இருக்க வெச்சிருக்கியே கம்பி, அது இருக்கட்டும் தம்பி. கால் வெக்கிற எடம் எங்க? தொங்குது" என்றார். சேலைக் கம்பி, பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடி, கால் வைக்கும் இடம் மூன்றும் விதிப்படி கட்டாயம். மூன்றும் வண்டியில் இருந்தன. ஆனால் சீட்டைத் தாழ்த்தும்போது ஓட்டுகிறவரை மட்டுமே அளந்தோம், ஒரு பக்கமாக உட்காரும் அம்மாவுக்குக் காலடி எட்டவில்லை. சேலைக் கம்பியிலேயே போல்ட்டில் மாட்டுகிற மாதிரி ஒரு அகலப் படி செய்யச் சொல்லி அளவு எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த சம்பளத்துக்குக் கொண்டுவருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்கள்.